ஒரே குழாயில் போட்டியாளர்கள்

திருப்பூரில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு சாயப்பட்டறைகள், கிலோவுக்கு ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் சாயக்கூலியைக் குறைத்து, ஒருவர் ஆர்டரை இன்னொருவர் இழுத்துக்கொள்வது சாதாரணம். ஆனால் அந்த இரண்டு பட்டறைகளின் கழிவுநீரும் ஒரே குழாயில் ஏறி ஒரே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அந்த நிலையத்துக்கு முதலாளிகளும் அவர்களேதான். யார் எத்தனை லிட்டர் அனுப்பலாம் என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பட்டறையிலும் மீட்டர் இருக்கிறது. ஓடுகிற தண்ணீருக்குத் தகுந்தபடி பணம் கட்டுகிறார்கள். ஒருவர் தப்பாக எதையாவது கலந்து அனுப்பினால் மொத்த நிலையமும் திணறும், எல்லோருக்கும் வேலை நிற்கும்.

நான் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் பல வருஷமாகக் கம்ப்ளையன்ஸ் பார்க்கிறேன், அதாவது சட்டமும் எங்களிடம் வாங்குபவர்களும் வைக்கும் விதிகளைக் கம்பெனி பின்பற்றுகிறதா என்று கவனிக்கும் வேலை. ஃபேஷன் துறையைப் பசுமையாக்க எல்லோரும் கைகோக்க வேண்டும் என்ற பேச்சு எங்கள் வேலையில் வாரம் ஒருமுறையாவது காதில் விழும். பிராண்டுகள் கூட்டணி அமைத்திருக்கின்றன, சான்றிதழ் அமைப்புகள் இருக்கின்றன, மாநாடுகள் நடக்கின்றன. அப்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வது எங்கள் ஊரின் அந்தக் குழாயைத்தான். போட்டியாளர்கள் சேர்ந்தால் எது முடியும், அதற்கு எவ்வளவு ஆகும், அந்தப் பணம் யாருடைய பையிலிருந்து போகும் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியாது.

முதலில் உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பருத்தித் துணிக்கு நாங்கள் போடுவது ரியாக்டிவ் சாயம். தண்ணீரில் கரைந்திருக்கும் சாயம் தானாகப் போய்த் துணியில் ஒட்டாது. உப்பைக் கொட்டினால்தான் தண்ணீரை விட்டுத் துணிக்குள் போகும். பிறகு சோடா ஆஷ் போட்டால் நூலோடு பிணையும். வெளிர் நிறத்துக்குக் கொஞ்சம் உப்பு போதும். கறுப்பு, நேவி, மெரூன் என்றால் ஒரு லிட்டருக்கு 80 கிராம் வரை போகும். சாஃப்ட் ஃப்ளோ என்ற சாய மெஷினில் ஒரு கிலோ துணிக்கு ஆறு லிட்டர் தண்ணீர் என்று வைத்தாலும் கணக்குப் பாருங்கள்: ஒரு கிலோ கறுப்புத் துணிக்கு ஏறக்குறைய அரைக் கிலோ உப்பு. அதில் ஒரு கிராம்கூடத் துணியில் தங்காது. சாயத்தை உள்ளே தள்ளிவிட்டு, தண்ணீரோடு அப்படியே வெளியே வந்துவிடும். துணியில் பிணையாமல் போன சாயமும் கூடவே வரும். நிறத்தை வடிகட்டிப் பிரித்துவிடலாம். உப்பு கண்ணுக்கே தெரியாது, சாதாரணச் சுத்திகரிப்பில் போகவும் போகாது.

1990களில் இங்கே முதன்முதலாக வந்த பொது சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தையும் கசடையும் குறைத்தன. உப்பு அப்படியே நொய்யலுக்குப் போனது. ஆறு அதைக் கொண்டுபோய் ஒரத்துப்பாளையம் அணையில் தேக்கியது. பாசனத்துக்காகக் கட்டிய அணை அது. 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. சில வருஷத்திலேயே அந்தத் தண்ணீர் வயலுக்கு ஆகாது என்று ஆயக்கட்டு விவசாயிகளே அணையில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று சொல்லும் நிலை வந்தது.

என் அம்மா ஊர் சென்னிமலைப் பக்கம். தாத்தா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது. தென்னை மட்டை ஓரங்களில் கருகும், காய் சிறுத்துப் போகும். மஞ்சள் போட்டுக்கொண்டிருந்த காட்டில் தாத்தா கடைசியில் மாட்டுத் தீவனத்துக்குச் சோளத்தட்டு விதைத்தார், அதுவும் மழை பெய்த வருஷத்தில் மட்டும். நான் பனியன் கம்பெனி வேலைக்குச் சேர்ந்தபோது அவர் எதுவும் சொல்லவில்லை. "தண்ணி எங்க உடறாங்கன்னு மட்டும் பாரு கண்ணு" என்றார். என் வேலையின் பாதி அதுதான்.

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். நொய்யல் ஆயக்கட்டுதாரர் சங்கம் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்று காலக்கெடு வைத்தது. அதுவரை விடுகிற தண்ணீருக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும் அபராதம். 2009இல் உச்ச நீதிமன்றமும் சாயப்பட்டறைகளின் மேல்முறையீட்டில் அதையே உறுதி செய்தது. அப்படியும் ஆற்றில் தண்ணீர் விடுவது நிற்கவில்லை. 2011 ஜனவரி 28ஆம் தேதி, எல்லா சாய, சலவைப்பட்டறைகளையும் மூடி மின்சாரத்தைத் துண்டிக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். நிட்டிங் ஓடியது, தையல் ஓடியது, நடுவில் சாயம் மட்டும் இல்லை. துணியை லாரி ஏற்றி வெளியூருக்கு அனுப்பினார்கள். ஷிப்மென்ட் தவறியது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருந்த பையன்கள் ரயில் ஏறிப் போனார்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. திருப்பூரின் பெருமை என்று இன்று எல்லா மாநாட்டிலும் காட்டப்படும் பூஜ்யக் கழிவு வெளியேற்றம் தொழில்துறையின் நல்ல மனசால் வந்ததில்லை. விவசாயிகள் விடாமல் வழக்கு நடத்தினார்கள், நீதிமன்றம் பட்டறைகளின் கதவைச் சாத்தியது. அதற்குப் பிறகுதான் போட்டியாளர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். தனித்தனியாகத் தப்பிக்க வழியில்லை என்றானதும் சேர்ந்து யோசித்தார்கள். மாநில அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் கொடுத்தது. மீதிக்கு வங்கிக் கடன், உறுப்பினர்களின் பங்குப் பணம்.

அப்படி உட்கார்ந்து செய்ததை நான் மனசாரப் பாராட்டுவேன். இப்போது திருப்பூர்ப் பகுதியில் 18 பொது சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. தண்ணீர் உயிரியல் தொட்டியில் சுத்தமாகி, ஆர்ஓ சவ்வு வழியாகப் போய், நல்ல தண்ணீராகப் பட்டறைக்கே திரும்பி வருகிறது. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திரும்பிவிடும். மிஞ்சுவது அடர்ந்த உப்புத் தண்ணீர். முதலில் அதை முழுவதும் ஆவியாக்கி உப்பை எடுக்கத்தான் பார்த்தார்கள். நீராவிக்கு விறகு எரித்து மாளவில்லை. பிறகு ஒரு வழி பிறந்தது. எல்லா உப்புத் தண்ணீரையும் எதற்குக் காய்ச்ச வேண்டும்? சாயம் போட எப்படியும் உப்பு வேண்டுமே! நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கிவிட்டு அந்த உப்புத் தண்ணீரையே பட்டறைக்குத் திருப்பி அனுப்பினால் என்ன? அருள்புரம் நிலையத்தில் அதைச் செய்துகாட்டினார்கள். மற்ற நிலையங்களும் எடுத்துக்கொண்டன. யாரும் தொழில் ரகசியம் என்று பூட்டி வைக்கவில்லை.

எங்களுக்குச் சாயம் போடும் பட்டறையில் அந்த உப்புத் தண்ணீர்த் தொட்டி பக்கம் நான் அடிக்கடி நிற்பேன். லேசான மஞ்சள் சாயல் இருக்கும். ஆரம்பத்தில் டையிங் மாஸ்டர்கள் இதைத் தொடவே பயந்தார்கள். ஷேடு மாறிவிட்டால் பையர், அதாவது வாங்கும் பிராண்டின் ஆள், துணியைத் திருப்பிவிடுவார், நஷ்டம் மாஸ்டர் தலையில். எங்கள் மாஸ்டர் முதலில் கறுப்புக்கு மட்டும் போட்டுப் பார்த்தார். அப்புறம் நேவிக்கு. ஒவ்வொரு லாட்டிலும் ஒரு துண்டு வெட்டி நோட்டில் ஒட்டி, பக்கத்தில் உப்பின் அடர்த்தியை எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டைப் பக்கத்துப் பட்டறை மாஸ்டர் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துத் திருப்பிக் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். கூட்டு முயற்சி என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த நோட்டுதான்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சோடியம் சல்ஃபேட் என்ற உப்பு தனியாகப் பிரிந்து சுத்தமாக வந்தால் விலை போகும். இரண்டு மூன்று உப்புகள் கலந்து கிடைக்கும் கலப்பு உப்பை யாரும் வாங்குவதில்லை. நிலையங்களில் மூட்டை மூட்டையாக அடுக்கி, மழை படாமல் கூரை போட்டு வைத்திருக்கிறார்கள். கொதிகலன் விறகும் மின்சாரமும் தனிக் கணக்கு. தண்ணீரைக் காப்பாற்ற நெருப்பைச் செலவழிக்கிறோம். ராத்திரியோடு ராத்திரியாக ஓடையில் சாயத் தண்ணீர் விடும் அனுமதியில்லாத பட்டறைகள் பற்றிய செய்தியும் அவ்வப்போது வரத்தான் செய்கிறது. முறையாக ஓடும் பட்டறைக்கும் அவர்களுக்கும் சாயக்கூலியில் உள்ள வித்தியாசமே அவர்களை வாழவைக்கிறது.

சரி, உலக பிராண்டுகளின் கூட்டு முயற்சிக்கு வருகிறேன். அதில் உருப்படியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2011இல் கிரீன்பீஸ் அமைப்பு ஆடை பிராண்டுகளின் நச்சு ரசாயனங்களைக் குறிவைத்துப் பிரசாரம் செய்தது. அந்த அழுத்தத்தில் அடிடாஸ், நைக்கி, பூமா, எச் அண்ட் எம், சி அண்ட் ஏ, லி நிங் ஆகிய ஆறும் சேர்ந்து ஒரு கூட்டுத் திட்டம் அறிவித்தன. அதுதான் இசட்டிஎச்சி, ஆபத்தான ரசாயனங்கள் வெளியேறாமல் தடுக்கும் திட்டம். அதற்கு முன் பிராண்டுக்கு ஒரு தடைப் பட்டியல். ஒருவருக்குச் சரியான சோப்பு ஆயில் இன்னொருவருக்கு ஆகாது. ஒரே ரசாயனத்தைத் திரும்பத் திரும்ப லேபுக்கு அனுப்புவோம். இப்போது எந்த ரசாயனத்தைப் பட்டறைக்குள்ளேயே விடக் கூடாது என்பதற்குப் பொதுப் பட்டியல் ஒன்று இருக்கிறது. மாதாமாதம் என்ன வாங்கினோம் என்று இணையத்தில் ஏற்றினால் எது தேறும், எது தேறாது என்று அறிக்கை வரும். அதையே பல பையர்களும் ஏற்றுக்கொள்கிறார்கள். ரசாயன வியாபாரிகளும் மாறினார்கள், ஏனென்றால் ஒரு பட்டறை மட்டும் கேட்டால் கண்டுகொள்ளாதவர்கள் ஊரே கேட்டதும் நல்ல சரக்கைக் கொண்டு வந்தார்கள்.

தணிக்கை விஷயத்தில் அவ்வளவு நடக்கவில்லை. எங்கள் கெமிக்கல் ஸ்டோரில் ட்ரம்முக்குக் கீழே ட்ரே இருக்கிறதா, கண் கழுவும் குழாயில் தண்ணீர் வருகிறதா, பாதுகாப்புத் தாள் தமிழில் ஒட்டியிருக்கிறதா என்று ஒரு பையரின் ஆள் வந்து பார்ப்பார். அடுத்த மாதம் இன்னொரு பையரின் ஆள் அதே ட்ரே, அதே குழாய், அதே தாள். ஸ்டோர்கீப்பர் அண்ணன் ஒருநாள் கேட்டார்: "ஏனுங்க மேடம், போன மாசம் வந்தவரு எழுதிட்டுப் போனத இவுங்க ஒருக்கா வாங்கிப் படிச்சா ஆகாதுங்களா?" படிக்கலாம் என்பதற்காகவே எஸ்எல்சிபி (தொழிலாளர் நிலையை மதிப்பிடும் திட்டம்) போன்ற பொது மதிப்பீட்டு முறைகள் வந்தன. ஒருமுறை சரிபார்த்தால் எல்லோருக்கும் பகிரலாம். சிலர் மனசாரப் பின்பற்றுகிறார்கள். சிலர் அதையும் வாங்கிக்கொண்டு தங்கள் ஆளையும் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு தணிக்கைக்கும் கட்டணம் பெரும்பாலும் எங்கள் பக்கம்தான். அந்தப் பணத்தில் ஒரு வெப்ப மீட்புக் கருவி வாங்கிக் கொதிகலனில் மாட்டலாம் என்று நான் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது விலை. பிராண்டுகள் சேர்ந்து பட்டியல் போடுகின்றன, இலக்கு வைக்கின்றன, தேதி குறிக்கின்றன. விலை என்று வந்ததும் கூட்டணி கலைந்து தனித்தனி ஆளாகிவிடுகிறார்கள். சேர்ந்து விலை பேசினால் போட்டிச் சட்டம் இடிக்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் வழி இல்லாமல் இல்லை. 2013 ஏப்ரலில் வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். அந்தக் கட்டடத்தில் இருந்த தொழிற்சாலைகளில் தணிக்கை பார்க்கப்பட்டவையும் இருந்தன. அதற்குப் பிறகு தொழிற்சங்கங்களோடு இருநூறுக்கும் மேற்பட்ட பிராண்டுகள் கையெழுத்துப் போட்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு உண்டு: பாதுகாப்பான கட்டடத்தைப் பராமரிக்கத் தொழிற்சாலைக்குக் கட்டுப்படியாகும்படி வணிக நிபந்தனைகளைப் பேசி முடிக்க வேண்டும். யாரும் யாரிடமும் தங்கள் விலையைச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொருவரும் தன் தொழிற்சாலையோடு பேச வேண்டும் என்ற கடமை மட்டும் பொது. மீறினால் நடுவர் தீர்ப்பாயத்துக்கு இழுக்கலாம். அதே வரியைத் தண்ணீருக்கும் எழுத என்ன தடை?

எழுதாததால் என்ன ஆகிறது? பூஜ்யக் கழிவுச் செலவைத் தாங்கும் திருப்பூர்த் துணியும், கழிவை ஆற்றில் விடும் வேறொரு ஊர்த் துணியும் ஒரே விலை ஷீட்டில் பக்கத்துப் பக்கத்து வரியில் நிற்கின்றன. பையர் மலிவான வரியைச் சுற்றி வட்டம் போடுகிறார். பசுமை அறிக்கை எழுதும் துறை வேறு, ஆர்டர் போடும் துறை வேறு. முதல் துறை எங்கள் சுத்திகரிப்பு நிலையத்தைப் படம் பிடித்துப் போட்டுக்கொள்கிறது. இரண்டாம் துறை பத்து சென்ட் குறைக்கச் சொல்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது, வரியில் ஒரு பகுதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று எங்களுக்கு வந்த மெயிலின் அடியில், காகிதத்தைச் சேமியுங்கள், இதை அச்சிடாதீர்கள் என்று பச்சை எழுத்தில் ஒரு வரி இருந்தது. அந்த மாதம் நாங்கள் ஓவர்டைமை நிறுத்தினோம். டெய்லர் பெண்கள் என்னிடம் வந்து, தீபாவளிக்குள் சரியாகுமா அக்கா என்று கேட்டார்கள்.

இன்னொரு கூட்டு முயற்சியையும் சொல்ல ஆசை, ஏனென்றால் அதை யாரும் பசுமை என்று பெயர் வைத்துத் தொடங்கவில்லை. கட்டிங் டேபிளில் நூறு கிலோ துணி வெட்டினால் பத்துப் பதினைந்து கிலோ துண்டாகப் போகும். அதைத் தரம் பிரித்து வாங்கி, மறுபடி பஞ்சாக்கி, ஓப்பன் எண்ட் என்ற முறையில் நூற்கும் மில்களில் நூலாக்குகிறார்கள். பல்லடம், சோமனூர், உடுமலைப் பக்கமெல்லாம் இந்த மில்கள் உண்டு. கறுப்புத் துண்டிலிருந்து கறுப்பு நூலே வந்துவிடுகிறது. சாயமும் வேண்டாம், உப்பும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ஒரே நிபந்தனை, பருத்தித் துண்டோடு லைக்ரா (இழுபடும் செயற்கை நூல்) கலந்த ரிப் (கழுத்துப் பட்டி) துண்டு சேரக் கூடாது. சேர்ந்தால் மெஷினில் சுற்றிக்கொள்ளும், நூல் அறும். அதற்குக் கட்டிங் மாஸ்டர் இரண்டு சாக்கு வைத்துப் பிரித்துப் போட வேண்டும், அவ்வளவுதான். எங்கள் கம்பெனியில் பிரித்துப் போட ஆரம்பித்ததும் வேஸ்ட் வியாபாரி கிலோவுக்குக் கூட விலை கொடுத்தார். கட்டிங் பையன்களுக்கு அந்தக் கூடுதல் பணத்திலிருந்து டீக்காசு போகிறது. அதனால் யாரும் மேற்பார்க்காமலே நடக்கிறது. பிராண்டுகள் டிசைன் போடும்போதே உடலுக்கும் கழுத்து ரிப்புக்கும் லைக்ரா இல்லாத பருத்தி என்று முடிவு செய்தால் இன்னும் சுலபம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு எக்கோடிசைன் சட்டத்தின் கீழ் ஆடைகளுக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் வரப்போகிறது. எந்த நூல் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். எங்கள் வேஸ்ட் வியாபாரியிடம் துண்டு நோட்டில் எழுதிய கணக்கு மட்டுமே இருக்கிறது. அவரைச் சேர்க்காமல் அந்தச் சங்கிலியைக் காட்ட முடியாது. இப்போதிலிருந்தே அவருக்குச் சொல்லிக்கொடுத்து ஒரு படிவம் வைக்க வேண்டும் என்று எங்கள் எம்டியிடம் கேட்டிருக்கிறேன்.

பையருக்கு விலைக் கணக்குக் காட்டும் காஸ்டிங் ஷீட்டிலும் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். நூல், நிட்டிங், சாயக்கூலி, தையல், ட்ரிம்ஸ், போக்குவரத்து என்று வரிசையாக இருக்கும் அந்தத் தாளில் சுத்திகரிப்புச் செலவு இதுவரை சாயக்கூலிக்குள் புதைந்து கிடந்தது. பேரம் பேசும்போது முதலில் அடிபடுவது சாயக்கூலி, அதோடு சேர்ந்து இதுவும் அடிபட்டது. இப்போது தனி வரியாக வைத்து, பட்டறையின் மீட்டர் ரீடிங்கையும் நிலையத்தின் பில்லையும் இணைக்கிறோம். அந்த வரியில் தள்ளுபடி கிடையாது என்று கீழே எழுதியிருக்கிறோம். பையர்களோடு ஆர்டர் பேசும் எங்கள் மெர்ச்சண்டைசர்கள் தயங்கினார்கள். ஆர்டர் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடும் என்றார்கள். அதனால் பக்கத்துக் கம்பெனியின் கம்ப்ளையன்ஸ் அக்காவையும் பார்த்துப் பேசினேன். தொகை எவ்வளவு என்று நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. அவர்கள் ஷீட்டிலும் அந்த வரியைச் சேர்க்க அவர் முதலாளியிடம் கேட்கிறார். ஒரு பையர் அந்த வரியை அப்படியே ஏற்றுக்கொண்டார். இன்னொருவர் பில்லின் நகலைக் கேட்டிருக்கிறார், அனுப்பியிருக்கிறேன்.